ஸ்கேன் ஃபிலிமில் ஏறிய எறும்புகள்

பேய், பிசாசு, சாமியாட்டம் என்று யாராவது பேச ஆரம்பித்தால், "அடுப்புல பாகு கெடக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிற வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பாகு பதம் தவறினால்தான் எனக்குப் பயம், மற்ற எதற்கும் பயந்ததில்லை. அதனால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, நானே முதலில் சிரித்தவள்தான். ஆனால் நடந்தது நடந்ததுதான், நம்பினால் நம்புங்கள்.

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் பிடித்தது இரண்டு. ஒன்று பாகு கிண்டுவது, இன்னொன்று ஹாக்கி. எங்கள் ஊரில் மட்டை பிடிக்காத ஆண்பிள்ளை குறைவு. இவர் ஐம்பது தாண்டியும் சாயங்காலமானால் மைதானத்துக்குப் போய்த் தன் வயசுக்காரர்களோடு ஓடுவார், ஓடுவதைவிடக் கத்துவது அதிகம். அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. கொஞ்சம் நடந்தாலே இரண்டு காலும் துவண்டுவிடும், உட்கார்ந்தால் தேவலையாகும், எழுந்து நின்றால் பழைய கதைதான். பிறகு ஒன்றுக்குப் போவதே சிரமமாகிவிட்டது. அதை என்னிடம் சொல்ல அவருக்கு வெட்கம் வேறு.

ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், இடுப்புப் பக்கம் மட்டும் எடுத்தோம். பார்த்த டாக்டர் ஃபிலிமின் கீழ்ப்பக்கத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, வயசானால் வருவதுதான் என்று சொல்லி முதுகில் ஓர் ஊசி போட்டார். அந்த ஊசிக்குப் பிறகுதான் மனுஷன் சுத்தமாகப் படுத்துவிட்டார். ஆள் பிடித்தால்தான் கட்டிலை விட்டு இறங்க முடியும் என்ற நிலை.

"ஏட்டி, இனிமே நான் எந்திரிக்க மாட்டேன் போல."

"எந்திரிக்காம எங்க போவீய? பாகு கிண்ட நான் சம்பளத்துக்கு ஆளு வைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

வாய்தான் அப்படிப் பேசியது. அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஃபிலிமைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் அதில் சிற்றெறும்பு. டாக்டர் வட்டம் போட்ட இடத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மேல் ஓரத்தில், முதுகுத்தண்டு படத்தின் உச்சியில் அப்பிக்கொண்டு நின்றன. வெல்லக் கையோடு தொட்டிருப்பேன் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சுவிட்சிலிருந்து செல்போன் வரை எல்லாம் பிசுபிசுப்புதானே. சோப்புப் போட்டுத் துடைத்து மாட்டினேன், மத்தியானம் மறுபடியும் அதே இடத்தில் எறும்பு. பீரோ மேல் வைத்துச் சுற்றிலும் எறும்பு சாக்பீஸால் கோடு போட்டேன், அப்போதும் வந்தது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. படத்தைத் தலைகீழாக மாட்டினேன். இப்போது எறும்பெல்லாம் கீழே கூடின. அதாவது, படத்தின் அதே இடம்.

அவருடைய அக்கா, எனக்கு மதினி, இதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயி, நம்ம சாமி எறும்பா வந்து எதையோ காட்டுது."

"சாமிக்கு வேற வேல இல்லையா மதினி? ஒங்க தம்பி முதுகுலதான் வந்து ஏறணுமா?"

அப்படிக் கேலி பேசியவள்தான் அன்றைக்குச் சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். மிட்டாய்த் தட்டுகளை அடுக்குகிற ஸ்டாண்டு ஒன்று இருக்கிறது. அதன் கால்கள் எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். சுவரை விட்டுத் தள்ளி நடுக்கூடத்தில் நிற்கிற அந்த ஸ்டாண்டின் மேல்தட்டில் ஃபிலிமை வைத்தேன். கீழ்த்தட்டுகள் முழுக்க அன்றைக்குப் போட்ட மிட்டாய்.

காலையில் போய்ப் பார்த்தால் கிண்ணங்களில் தண்ணீர் அப்படியே இருந்தது. மிட்டாயில் ஒரு எறும்பு இல்லை. ஃபிலிமில், அதே இடத்தில், கறுப்பாகக் கூட்டம்.

அன்றைக்கே கார் பிடித்து அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து மதுரைக்கு நரம்பு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவரும் ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்தார், வட்டத்தைப் பார்த்தார், எழுதப் பேனாவை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"சார், கொஞ்சம் மேல பாருங்க. மேல் ஓரத்துல."

"ஏம்மா, அங்க என்ன?"

"அங்கனதான் சார் எறும்பு வருது."

டாக்டர் சிரித்துவிட்டார். கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் மானம் போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டார். என் மனம் நோகக் கூடாது என்றுதான் டாக்டர் குனிந்து பார்த்திருப்பார். பார்த்தவர் நிமிரவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தண்டுவடத்துக்குப் பின்னால பொடிப்பொடியாக் கறுப்பாத் தெரியுது பாருங்கம்மா. அது ரத்தக்குழாய். அந்த இடத்துல அப்படி இருக்கக் கூடாது."

முதுகு முழுக்க ஸ்கேன் எடுத்து, பிறகு ரத்தக்குழாய்க்குள் மருந்து விட்டும் படம் எடுத்தார்கள். முதுகுக்குள் ரெண்டு ரத்தக்குழாய்கள் தப்பாகச் சேர்ந்துகொண்டு, ரத்தம் வடியாமல் தேங்கித் தண்டுவடம் வீங்கிப்போயிருந்ததாம். நின்றால் நடந்தால் கால் துவண்டதும், ஊசிக்குப் பிறகு மோசமானதும் அதனால்தானாம். டிஸ்க் பிதுங்கல் இந்த வயசில் பாதிப் பேருக்கு இருக்கும், அது கண்ணில் பட்டதும் பார்க்கிறவர் பார்வை அங்கேயே நின்றுவிடும், இது பலருக்கு இப்படித்தான் தப்பிப்போகிறது என்றார். இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் கால் திரும்பியிருக்காது என்றும் சொன்னார். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, பசை மாதிரி ஒன்றை வைத்து அந்தச் சேர்க்கையை அடைத்தார்கள். வயிற்றைக் கிழிக்கவில்லை, முதுகைக் கிழிக்கவில்லை.

முதலில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு சுவரைப் பிடித்து நடந்தார், பிறகு என் தோளைப் பிடித்து. ஒருநாள் நான் பாகு கிண்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து கரண்டியைப் பிடுங்கியது. "பதம் போச்சு, தள்ளு" என்றார். எத்தனை வருஷமாக நான் வெறுத்த அந்த வார்த்தையைக் கேட்டு, பாகுக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டு குதித்தேன். மதினி தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். இப்போது மைதானத்துக்கும் போகிறார், ஓட்டம் கொஞ்சம் குறைவு, சத்தம் மட்டும் முன்னைவிடக் கூடுதல். "அண்ணாச்சி, பந்தையும் கொஞ்சம் அடிங்க" என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் ஒன்றே ஒன்றை இன்னும் நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று உறுதி செய்ய மறுபடி எடுத்த ஸ்கேன் ஃபிலிமை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அந்த இடத்தில் நானே வேண்டுமென்றே இளம்பாகை வழித்துத் தடவி, ஆணியில் மாட்டி, எதிரே உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு சிற்றெறும்பு சுவர் வழியாக வந்தது. நேராக அந்த இடத்துக்கு ஏறியது, பாகின் மேலேயே ஒட்டாமல் நடந்தது, நின்றது, மீசையால் தடவித் தடவிப் பார்த்தது, வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. என் வீட்டுக்காரர், "செக்கப்புக்கு வந்துட்டுப் போகுதுட்டி" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இத்தனை வருஷம் இந்த வீட்டில் எறும்போடு மல்லுக்கட்டியிருக்கிறேன், பாகை வாயில் வைக்காமல் திரும்பிப் போன எறும்பை நான் பார்த்ததே இல்லை.