பட்டுப்புடவைக்குப் பின்னால் கபடி

நான் ஸ்போர்ட்ஸ் மீடியா கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் காஞ்சிபுரத்தில் ஒருத்தரும் நம்புவதில்லை. ஷட்டில் பேட் விற்கும் இடம் என்று நினைத்து வாரத்துக்கு ஒருத்தராவது மாடி ஏறி வந்து, "நரம்பு கட்டித் தருவீங்களா?" என்று கேட்கிறார்கள். எங்கம்மா தெருவில் எல்லோரிடமும், "பொண்ணு டிவியில இருக்குறா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். எந்த டிவி, எந்த சேனல் என்று கேட்டால் மட்டும் அவளுக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்துபோகும்.

கம்பெனி என்றால் மூன்றே பேர். ஓனர், கேமராக்காரர், நான். காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் கபடி, வாலிபால், டென்னிஸ் பால் கிரிக்கெட் நடந்தாலும் போய் நேரலையாகக் காட்டுவோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு கமென்டில் ஒருத்தரை ஒருத்தர் கிழித்துக்கொள்வார்கள். மைதானத்து ஓரமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஸ்கோர் ஏற்றுவது, விளம்பரம் போடுவது, கமென்டரி சொல்கிறவர் சாப்பிடப் போனால் மைக்கைப் பிடிப்பது, மறுநாள் எடிட் செய்வது எல்லாம் என் வேலை. வெயில் காலத்தில் குடை உண்டு. அது லேப்டாப்புக்கு, எனக்கு இல்லை.

விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய டிவிக்காரர்கள் விளம்பரம் போடும்போது ஆட்டத்தைச் சுருக்கி, பக்கத்தில் இடம் ஒதுக்கிப் போடுவார்கள். எங்கள் ஓனருக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. படத்தின் மேலேயே ஒட்டிவிடுவார். திரையின் இடது பக்கம் முழுக்க ஒரு பட்டை, கீழே முழுக்க ஒரு பட்டை. இடது பட்டையில் பட்டுப்புடவை கட்டிய கல்யாணப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே நிற்பாள். கீழ்ப் பட்டையில் கடையின் விலாசமும் ஆடித் தள்ளுபடியும் ஓடும். தை மாதத்தில்கூட ஆடித் தள்ளுபடிதான் ஓடும், மாற்றச் சொன்னால் ஓனர், "யாருமா படிக்கிறாங்க" என்பார். அப்படியென்றால் எதற்கய்யா போடுகிறாய் என்று கேட்க வாய் வரை வரும்.

ஒரு நாள் ஓரிக்கையிலிருந்து ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். ஊர் மகளிர் கபடி அணியில் லெஃப்ட் கார்னர், அதாவது இடது மூலையில் நின்று, பாடி வருகிறவளின் காலைப் பிடிப்பவள். பகலில் ஏதோ ஒரு கம்பெனியில் செல்போன் பாகம் பூட்டுகிறாள், யூனிஃபார்ம் கோட்டோடு வந்திருந்தாள். சென்னையில் ஒரு பெரிய மகளிர் அணி, சேர்ந்தால் நிரந்தர வேலையும் உண்டு. அந்த அணியின் கோச், ஆடுகிற வீடியோ அனுப்பினால் பார்த்துவிட்டு ட்ரையலுக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"இது கெடைக்கலன்னா வீட்ல மாப்ள பாத்துருவாங்கக்கா. ரெண்டு எடம் வந்து பாத்துட்டே போய்ட்டாங்க. நான் புடிச்சதுல நல்லதா நாலு வெட்டிக் குடுக்கா, போதும்" என்றாள்.

அதுக்கென்ன, கொட்டிக் கிடக்கிறது, உட்கார் என்றேன். டீ சொல்லிவிட்டு வாலாஜாபாத்தில் நடந்த ஆட்டத்தை ஓட்டினேன். எதிரணிப் பெண் பாடிக்கொண்டு வருகிறாள். இடது மூலைக்குப் பாய்கிறாள். கல்யாணப் பெண்ணுக்குப் பின்னால் போய் மறைகிறாள். கல்யாணப் பெண் சிரிக்கிறாள். நடுவர் கையைத் தூக்குகிறார், கூட்டம் விசில் அடிக்கிறது, எங்கள் கமென்டரிக்காரர் "அபாரமான பிடி!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். யார் பிடித்தார்கள், எதைப் பிடித்தார்கள், ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சரி, இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறுமே என்று இரண்டாம் பாதிக்குப் போனேன். பக்கம் மாறினால் அவளுடைய மூலை திரையின் வலது பக்கம், கேமராவுக்குக் கிட்டே வந்துவிடுகிறது. அங்கே கீழ்ப் பட்டை. ஆடித் தள்ளுபடிக்கு மேலே அவளுடைய கொண்டை மட்டும் போய்ப்போய் வந்தது. அடுத்த ஆட்டமும் அப்படித்தான், அதற்கு அடுத்ததும். விளம்பரம் ஒட்டாத பதிவு எங்களிடம் கிடையவே கிடையாது. ஒளிபரப்பாகிறதை மட்டும் சேமித்தால் போதும், எதற்கு ரெண்டு என்பது ஓனரின் சட்டம். நான் ஒவ்வொரு ஆட்டமாகத் திறந்து மூட, அவள் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி நாளா பொடவைக்குப் பின்னாடியா ஆடிக்கினு இருந்தேன்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் போன பிறகு ஓனரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை தாமல்ல அந்தப் பொண்ணு டீம் ஆடுற ஃபைனல். அன்னிக்கு ஒரு நாளு அந்தப் பட்டைய எடுத்துடலாம்ணா."

"பட்டைய எடுத்தா நாமளும் எடத்த காலி பண்ணிக்கினு போவேண்டிதுதான். அந்தப் பட்டுக்கடைக்காரரு கல்லாவுல ஒக்காந்துக்கினு போன்ல பாத்துக்கினே இருப்பாரு. அதுவும் இல்லாம, மூலையில நிக்கிறவங்கள எவம்மா பாக்குறான்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூலையில் நிற்கிறவர்களை எவனும் பார்க்க மாட்டான் என்றால், அதே மூலையில் உன் கல்யாணப் பெண்ணை எதற்கு நிற்க வைத்தாய்? கேட்கவில்லை. விளம்பரத்தை ஏற்றுவதும் இறக்குவதும் என் லேப்டாப்பில்தானே இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் தாமலில் ஃபைனல் தொடங்கியது. மேடையில் சிறப்பு விருந்தினர்கள், அவர்களுக்குப் போர்த்த சால்வைகள், சால்வைக்கு நடுவில் எங்கள் ஓனர். எதிரணிப் பெண் இவளுடைய மூலைக்குத் திரும்பினால் விளம்பரத்தை இறக்குவேன், திரும்பிப் போனதும் ஏற்றுவேன். வந்தவளுகள் எல்லாம் அன்றைக்கென்று பார்த்து வலது மூலைக்கே போனார்கள். இவள் பக்கம் வந்தவர்களும் காலை நீட்டிவிட்டு ஓடிவிட்டார்கள், ஒரு பிடியும் கிடைக்கவில்லை. ஓனரின் போன் அடிப்பதும், அவர் மேடையிலிருந்தே என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவதும் தெரிந்தது. நெட் சரியில்லை என்று நானும் கையை ஆட்டினேன்.

ஸ்கோர் சமமாக இருக்கும்போது கடைசி ரைடு வந்தது. நான் விளம்பரத்தை இறக்கிவிட்டு, விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாடி வந்தவள் நல்ல உயரம், நல்ல கனம். இவளுடைய மூலையில் காலை விட்டாள். இவள் விழுந்து கணுக்காலைப் பிடித்தாள். மேலே வந்து அமுக்கவேண்டிய மற்ற இரண்டு பேரும் உதறலில் சிதறிப் போனார்கள். இவள் விடவில்லை. அந்தப் பெண் இவளையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் தவழ்ந்தாள். மண்ணில் முகம் தேய இவளும் கூடவே போனாள். "விடாதடி, விடாதடி!" என்று நான் கத்தியது மைக்கில் போய் உலகமெல்லாம் கேட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் விரல் நுனி கோட்டைத் தொட்டது. ஓரிக்கை தோற்றுப்போனது.

ஆட்டம் முடிந்து ஓனர் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். நான் வயர்களைச் சுருட்டினேன். அதோடு விட்டிருந்தால் மனுஷன் என்று சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் அவரே உட்கார்ந்து அந்த இழுவையை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, பத்துப் பேர் கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தத்தைச் சேர்த்து, "தரையைத் துடைக்கும் வீராங்கனை" என்று தலைப்பு வைத்து ஏற்றிவிட்டார். எங்கள் சேனலில் எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. பட்டுக்கடைக்காரரே போன் பண்ணி, அதிலும் என் கடைப் பெயரைப் போடு என்றாராம். கேமரா ஸ்டாண்டை எடுத்து ஓனர் மண்டையில் ஒன்று போடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அவள் நேராக வந்தாள். முழங்கையிலும் கன்னத்திலும் தோல் உரிந்திருந்தது. பஸ் முழுக்க அந்த வீடியோவைத்தான் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்களாம். ஓனர் ஸ்க்ரீனுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்றேன்.

"யக்கா, அந்தச் சிரிப்பு சத்தத்த மட்டும் எடுத்துட்டு எனக்குக் குடு."

"இதையாடி அனுப்பப் போற? தோத்த ரைடுடி இது."

"தோத்ததுதான். ஆனா இதுல நான் தெரியுறேன்ல?"

சத்தத்தை எடுத்தேன், தலைப்பை எடுத்தேன், ஓட்டத்தைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தேன். அவள் அங்கேயே நின்று கோச்சுக்கு அனுப்பினாள். பிறகு மூன்று பேரும் அவள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே ஏதோ ஒரு கல்யாண வீட்டார் புடவை மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் போன் ஒலித்தது. கோச் அனுப்பிய குரல் பதிவு. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"எனக்கு வர்ற வீடியோ எல்லாத்துலயும் புடிச்சது மட்டும்தாம்மா இருக்கும். நீ கோடு வரைக்கும் கைய விடலையே. வியாழக்கிழமை காலைல வந்துடு. இங்க மண்ணு இல்ல, ரப்பர் மேட்ல ஆடணும், ஷூ எடுத்துக்கினு வா."

ஓனர் துள்ளி எழுந்து, நம்ம சேனல் பொண்ணு, நம்ம சேனல் பொண்ணு என்று கைதட்டினார். அவரை நான் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, மண்ணிலேயே ஆடிக் காய்த்துப்போன தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, நான் ஷூ போட்டு ஆடினதே இல்லியே."

"வியாழக்கிழமைக்குள்ள ஆடிப் பழகிக்கோ" என்று பையை எடுத்து மாட்டினேன். "கெளம்புடி, ஷூ கடைய சாத்திடப் போறான்."