இல்லாத பயணிகளின் அக்கா

கணினியில் முதலில் ஒரு பிறந்த தேதியைத் தட்டிவிடுவாள். அந்தத் தேதியில் யார் பிறந்திருப்பார்கள் என்பதைப் பிறகுதான் யோசிப்பாள். கன்னத்தில் கை, பார்வை எதிர்ச் சுவருக்கும் அப்பால் எங்கோ. தேநீர் ஆறி ஏடு கட்டிக் கிடக்கும். பக்கத்து இருக்கைப் பெண் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "என்னக்கா, தூங்குறீங்களா?"

"இல்லம்மா. இவர் எதுக்கு ஊருக்குப் போறாருன்னு யோசிக்கிறேன்."

வெளியூர்ப் பேருந்துகளுக்கு இணையத்தில் டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருள்தான் அந்த அலுவலகத்தின் பிழைப்பு. அதைச் சோதித்துப் பார்ப்பது இவள் வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பொய்ப் பயணிகளை உண்டாக்கி, பொய் டிக்கெட் எடுத்து, எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் 'சோதனை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வருடம் முகத்தைச் சுளித்தாள். இப்போது தொலைபேசியில் அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள்.

மற்றவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்வார்கள் தெரியுமா? பெயர் இருக்கும் இடத்தில் வாய்க்கு வந்த எழுத்துகள் நாலு, வயது இருபது, அவ்வளவுதான். இவளுக்கு அது ஆகாது. நூறு தாண்டிய வயதை மென்பொருள் ஏற்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றால், நூறு தாண்டிய பெரியவர் ஒருவர் நிஜமாகவே அவள் மனதில் வந்து உட்கார்ந்துவிடுவார். பிப்ரவரி இருபத்தொன்பது என்ற தேதியைச் சோதிக்க, அன்றைக்குப் பிறந்த இரட்டைச் சகோதரிகள் வந்தார்கள். பிறந்தநாள் வருடாவருடம் வராத கோபத்தை ஒருத்தி மேல் ஒருத்தி காட்டுகிறவர்கள். ஒரே வண்டியில் ஏற மாட்டார்கள்.

டிக்கெட் படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பெட்டி உண்டு. சக்கர நாற்காலி வேண்டும், கைக்குழந்தை இருக்கிறது என்று பயணிகள் எழுதுவதற்கு. அதில் எத்தனை எழுத்து கொள்ளும் என்பதையும் சோதிக்க வேண்டுமே. அந்தச் சாக்கில்தான் அக்கா கதை எழுதினாள். பெட்டி இனி ஒரு எழுத்தும் வாங்காது என்று மறுக்கும் இடத்தில் கதை முடியும். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரின் பெட்டியில் இப்படி இருந்தது: "கடல் தெரிகிற பக்கம் இருக்கை வேண்டாம். பார்த்தது போதும்."

எழுதவேண்டும் என்ற கிறுக்கு சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் வெள்ளைத் தாளை எடுத்து வைத்தால் கை ஓடாது. பெயர், வயது, எங்கிருந்து, எங்கே என்று நாலு பெட்டியைக் காட்டினால் போதும், கொட்டும். சிலருக்கு அப்படி.

நூறு தாண்டிய பெரியவர்தான் வீட்டிலும் பிரபலம். டிக்கெட்டை ரத்து செய்யும் பகுதியைச் சோதிக்க அக்கா அவரைத்தான் அனுப்புவாள். தங்கையைப் பார்க்க டிக்கெட் எடுப்பார், கிளம்புகிற நேரத்தில் ரத்து செய்துவிடுவார். அண்ணனும் தங்கையும் எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. எதற்கு என்று மன்னிப்புக் கேட்பது? அக்காவின் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாப்பிட உட்காரும்போது மறக்காமல் விசாரிப்பார். "என்ன, உன் பெரியவர் இன்னைக்காவது கிளம்பினாரா?"

"வாசல் வரைக்கும் வந்தாருங்க. திரும்பிட்டாரு."

"பாவம், விடு. நாளைக்குப் பாப்போம்."

ஒரு பிற்பகல், சன்னல் திரையை வெயில் மஞ்சளாக்கிக்கொண்டிருந்த வேளை. பெரியவருக்குச் சண்டையின் காரணம் நினைவுக்கு வந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள், அக்காவுக்கே தெரியாது. ஆறு மணி வண்டியில் அவருக்குச் சன்னலோர இருக்கை போட்டாள். ரத்து செய்யவில்லை. போகட்டும், தங்கையைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சோதனைத் திரையும் நிஜத் திரையும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். மேலே ஓடும் பட்டை மட்டும் சோதனைக்குப் பச்சை, நிஜத்துக்குச் சிவப்பு. "நிறத்தைப் பாருங்க, நிறத்தைப் பாருங்க" என்று புதிதாக வருகிறவர்களின் உயிரை வாங்குகிறவளே அவள்தான். அன்றைக்கு அவள் பார்க்கவில்லை.

ஆறு மணிக்குக் கைபேசி அழைத்தது. பொய்ப் பயணிகள் எல்லோருக்கும் அவள் தன் எண்ணையே கொடுத்திருந்தாள்.

"அம்மா, பஸ்ஸுல இருந்து கண்டக்டர் பேசறேன். பெரியவர் ஒருத்தருக்கு டிக்கெட் போட்டிருக்கீங்க. நூத்தி மூணு வயசுன்னு இருக்கு. ஆளக் காணோமே, வண்டிய எடுக்கலாமா?"

அவள் இன்னும் அந்தப் பெரியவரோடுதான் நடந்துகொண்டிருந்தாள். "எடுத்துடாதீங்க. கொஞ்சம் மெதுவாத்தான் நடப்பாரு. வந்துடுவாரு."

வண்டி நின்றது. பெரியவர் ஏறுவதற்கு வசதியாக ஒரு முக்காலியைக் கடன் வாங்கிப் படிக்கட்டருகே போட்டார்களாம். அவ்வளவு வயதானவர் என்றதும் பயணிகளும் முணுமுணுக்காமல் தெருவையே பார்த்தார்களாம். அப்போதுதான் அக்காவின் கண்ணில் அந்தச் சிவப்புப் பட்டை பட்டது. திரும்ப அழைத்தாள். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவர் வரலைங்க. மனசு மாறிட்டாரு."

"பரவாயில்லம்மா. அந்த சீட்ட காலியாவே விடறேன். வழியில எங்கயாவது வந்து ஏறினாலும் ஏறுவாரு."

மறுநாள் பேருந்து நிறுவனத்திலிருந்து காய்ச்சி எடுத்துவிட்டார்கள். குழுத் தலைவர் நல்ல பையன்தான், அவளைவிடப் பல வயது இளையவர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இனிமே சோதனைக்கு ஆளுங்கள ப்ரோக்ராமே தயார் பண்ணிக்கும். பழைய டேட்டாவ வெள்ளிக்கிழமை அழிச்சிடணும். மேலிடத்து உத்தரவு."

"எல்லாரையுமா தம்பி?"

"ஆமாக்கா."

தப்பு அவளுடையது, எதிர்த்துப் பேச வழியில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொருவரையும் தாளில் எழுதிப் பார்த்தாள். கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா இவங்க யாருன்னே எனக்குத் தெரியலையே" என்றார். அவளுக்கும் தெரியவில்லை. கதைக்கு ஏற்றபடி எல்லோரும் நன்றாகப் பேசினார்கள், அதுதான் கோளாறு. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு அழுதாள். பத்து வருடம் கூட இருந்தவர்களை அனுப்பிவைக்கக்கூடத் தெரியாத ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ப்ரோக்ராம் தயாரித்த புது ஆட்களை வியாழக்கிழமை பார்த்தாள். வயது சரி, தேதி சரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. குறிப்புப் பெட்டியில் மட்டும் எல்லோரும் ஒரே வரியைச் சொன்னார்கள். "இவங்களுக்கு ஊருக்குப் போக ஒரு காரணமும் இல்லையே தம்பி" என்றாள். குழுத் தலைவர் சிரித்துவிட்டு, அப்புறம் ஏனோ சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கும் எழுந்து போகவில்லை. பட்டை பச்சைதானா என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, ஒரே ஒரு வண்டியைத் திறந்தாள். இருக்கை இருக்கையாக ஆட்களை ஏற்றினாள். இரட்டையரை முதல்முறையாக அருகருகே உட்காரவைத்தாள். கலங்கரை விளக்கத்துக்காரரைக் கடல் தெரியாத பக்கம். கைக்குழந்தைக்காரி ஒருத்தியை முன்னால், குலுங்காத இடத்தில். பெரியவருக்குச் சன்னலோரம். மத்தியான வெளிச்சத்தில் திரையின் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. அறை முழுக்க வண்டி கிளம்புவதற்கு முன்னால் இருக்கும் ஒரு மெல்லிய சந்தடி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

குழுத் தலைவர் வந்து பின்னால் நின்றார். "அழிச்சிடலாமாக்கா? நான் வேணும்னா பண்ணட்டுமா?"

"இருங்க தம்பி. ஒரு சீட்டு பாக்கி."

பெரியவருக்குப் பக்கத்து இருக்கையில் தன் பெயரைத் தட்டினாள். வயது, கூட்டாமல் குறைக்காமல். குறிப்புப் பெட்டியைக் காலியாக விட்டாள். விசைப்பலகையைக் குழுத் தலைவர் பக்கம் நகர்த்திவிட்டு, மேசைக்கடியில் கிடந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்து, இரு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.