ஊசி மிஷினும் என் தலையும்

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய். முதலில் பஸ் ஸ்டாப் மறந்தது, பிறகு மகன், கடைசியில் நான். "ஏ புள்ளே" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி என்னைக் கூப்பிட்டறியாத மனிதர், இப்போது "ஏனுங்க அம்மிணி, நீங்க எந்த ஊருங்க?" என்கிறார்.

அவரைப் பார்க்கும் டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி செய்கிறார். மறதி வந்தவர்களின் மூளையில் இரும்பு எங்கே, எவ்வளவு படிந்திருக்கிறது என்று படமெடுத்துப் பார்ப்பது. ஒத்துப் பார்க்க, மறதியில்லாத அதே வயதுக்காரர்களும் வேண்டுமாம். "நான் வர்றனுங்க" என்றேன். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அப்ரூவல் ஆன சாம்பிளை மேசையில் வைத்துக்கொண்டுதான் மற்ற பீஸ்களைப் பார்ப்போம். நான்தான் அந்தச் சாம்பிள். உள்ளுக்குள் மட்டும் ஒரு பயம்: என் தலையிலும் அந்த இரும்பு இருந்துவிட்டால் இவரை யார் பார்ப்பது?

கையெழுத்துப் போட வேண்டிய தாளை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். உடம்பில் இரும்பு, தங்கம் எதுவும் இருக்கக் கூடாதாம்; தாலிக்கொடியை அதில் மாட்டியிருந்த ஊக்குகளோடு கழற்றி, கூட வந்திருந்த மருமகளிடம் கொடுத்தேன்.

ஸ்கேன் மிஷினின் குழாய்க்குள் படுக்க வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம்ம ஊசி மிஷின்தான். பேக்கிங்குக்கு முன்னால் துணியை பெல்ட்டில் வைத்து அதற்குள் அனுப்புவோம். உடைந்த ஊசித் துணுக்கு இருந்தால் கத்தும். அதன் முன்னால் பதினோரு வருஷம் நின்றவள் நான். டக் டக் டக் என்று ஆரம்பித்தது. பிறகு கிர்ர்ர். நிற்கவே இல்லை. கம்பெனி மிஷின் ஒரு துணுக்குக்கு ஒரு தடவைதான் கத்தும். இது கத்துகிற கத்துக்கு என் தலைக்குள் ஊசி டப்பா டப்பாவாக அல்லவா இருக்க வேண்டும்!

அவசரம் என்றால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் உருண்டையை அமுக்கினேன். டெக்னீஷியன் ஓடி வந்தார்.

"என்னாச்சுங்கம்மா? மூச்சு முட்டுதுங்களா?"

"அதெல்லாம் இல்ல கண்ணு. மிஷின் கத்துனா பீஸைத் திருப்பிப் போட்டு இன்னொருக்கா உடோணும். என்னையக் குப்புறப் போட்டு உடு."

"யாரைப் போட்டாலும் இது இப்படித்தானுங்க கத்தும்."

"நல்லா இருக்கறவங்களுக்குமா?"

"ஆமாங்க."

"அப்ப மிஷினு ரிப்பேரு. மெக்கானிக்கைக் கூப்புடு சாமி."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் அசைந்ததால் கெட்டுப்போன படத்தை மறுபடி எடுத்தார்.

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் இரும்பு சேருமுங்க. உங்களுக்கு வயசுக்குத் தக்கதுதான் இருக்குது. பயப்பட ஒண்ணுமில்லீங்க."

வெளியே பெஞ்சில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். "நான் பாஸுங்க" என்றேன்.

"ரொம்பச் சந்தோசமுங்க அம்மிணி" என்று எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்.

மருமகள் தாலிக்கொடியை நீட்டினாள். இரு என்று கையைக் காட்டிவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னைக் கும்பிட்டு முடிக்கும்வரை நின்றேன்.