கூட்டத்தில் தேடிய முதுகு

1962-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். நான் உத்திரமேரூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் ஏழு மாதக் குழந்தை. என் நாத்தனார் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

வயதுக்கு வந்த பிறகு அவள் நடையே மாறிப்போனது. புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, தோளைச் சுருக்கி, தரையைப் பார்த்தே நடப்பாள். "இன்னாடி இது, கெயவி மாதிரி குனிஞ்சிக்கினு?" என்று மாமியார் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். நிமிர்வாள், அடுத்த நிமிஷம் மறுபடி வளைந்துவிடுவாள். கேட்டால் முதுகு வலிக்கிறது என்பாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்த தெருவில் ஒரு பையனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதுகெலும்பில் க்ஷயம், டி.பி. என்று தெரிவதற்குள் கூன் விழுந்துவிட்டது. க்ஷயம் ஒட்டும் என்று நான் பள்ளியில் படித்திருந்தேன். குழந்தையை அவள் பக்கத்தில் படுக்க வைக்கலாமா என்று யோசிப்பேன். அப்படி யோசித்ததற்காக என்னையே நொந்துகொள்வேன். மாமியாரிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார். சொல்லாமல் விட்டால் நோய் முற்றிவிடும். கடைசியில் கணவரிடம் மட்டும் சொன்னேன். குழந்தைக்குச் சளி, துணைக்கு அவள் வரட்டும் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, நானும் அவளும் குழந்தையுமாகக் காஞ்சிபுரம் பஸ் ஏறினோம். உன் முதுகையும் காட்டிவிடலாம் என்று வழியில்தான் அவளிடம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். அவளைச் சீட்டு வாங்க வரிசையில் நிறுத்திவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுக்க ஒதுங்கினேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். குனிந்த முதுகாகத் தேடித் தேடிப் பார்த்தேன். எல்லாம் கிழவிகள். ஒரு பெண் பிள்ளையைத் தொலைத்துவிட்டு வீட்டில் என்ன சொல்வேன் என்று மறுபடி வரிசையின் முனைக்கு ஓடினேன்.

"அண்ணி, இங்க கீறேன்" என்று குரல் வந்தது.

எல்லார் தலைக்கும் மேலே கையை ஆட்டிக்கொண்டு நெடுநெடுவென்று நேராக ஒரு பெண் நின்றிருந்தாள். அவள்தான். இரண்டு தரம் அவளைப் பார்த்தும், வேறு யாரோ என்று தாண்டிப் போயிருக்கிறேன். அவள் அவ்வளவு உயரம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வலி போய்விட்டதா என்றேன். சட்டென்று தோள் சுருங்கியது. தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"வலியே இல்ல அண்ணி. இங்க என்னைத் தெரிஞ்சவங்க யாரும் இல்லியே, அதான்."

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பள்ளியில் அவளுக்குக் கொடிக்கம்பம் என்று பெயராம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், இந்த உயரத்துக்கு மாப்பிள்ளையை எங்கே பிடிப்பது என்று அவள் எதிரிலேயே சிரிக்கிறார்கள். குனிந்தே நடந்தால் வளர்த்தி நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறாள்.

இருந்தாலும் மனசு கேட்காமல் டாக்டரிடம் காட்டினேன். முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை தட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, நல்லா வளர்ற பொண்ணு" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை பொங்கி வந்தது.

"இன்னா அண்ணி, நல்லா கீறேன்னு சொன்னாக்கூட அழுவுறீங்க" என்றாள் அவள். இருவரும் சிரித்துவிட்டோம்.

ஊர் எல்லையில் பஸ் திரும்பியதும் அவள் மறுபடி குனிய ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் கணவரிடம் சொன்னேன். அன்று என் கணவர் தன் அம்மாவிடம், மாப்பிள்ளைப் பேச்சை அவள் காதுபட யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் நிமிர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நான் இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ என்று இப்போதும் தோன்றும்.

அன்று கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்கு இப்போது நாலு வயது. அவளும் அந்த வயதுக்கு வரும்போது, நோயோ என்று பதறுவதற்கு முன்னால், அவளைப் பற்றி வீட்டில் என்ன பேசுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிவைத்திருக்கிறேன்.