வெயிலில் கிடந்த மருந்துப் பெட்டி

மாடுகளின் உடம்பிலும் சோதனைச் சாவடிகள் உண்டாம். நோயை எதிர்க்கும் கலங்களை உடம்பே மறித்து நிறுத்துகிறது. நாள்பட்ட நோய்க்கிருமிகள் அந்த மறிப்புக்குள் ஒளிந்து பிழைக்கின்றன. மறிப்பை மருந்தால் நீக்கினால், அடங்கிக் கிடந்த எதிர்ப்பு மறுபடி எழும். மிருக வைத்தியனாக ஓய்வுபெற்ற எனக்கு இதைப் படித்ததும் சந்தோஷம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

யுத்த காலம். தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பூசியை ஐஸ் போட்ட ரெஜிபோம் நுரைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, மாத்தளையிலிருந்து தம்புள்ளை வீதியால் போனேன். வஹகோட்டைக்கு அப்பால் ஒரு முஸ்லிம் பெரியவரின் பால்மாடுகளுக்கு அந்த ஊசி. அவர் குடும்பம் சாப்பிட்டது அந்தப் பாலில்தான். வழியில் இராணுவச் சாவடியில், அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் இறக்கினார்கள். மரக்கறி லொறிகள் போயின, பஸ்கள் போயின. நான் நின்றேன். சோதனைக்காகத் திறந்த பெட்டி தார் ரோட்டோரம் கிடந்தது. பெயருக்காக ஒருவனை வெயிலில் நிறுத்திய அந்த அதிகாரத்தை இன்றும் நான் மன்னிக்கவில்லை.

ஆனால் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒன்றை விட்டுவிட்டே சொல்லியிருக்கிறேன். காவலுக்கு நின்ற சிப்பாய், "வெயில்ல வச்சா கெட்டுப்போற சாமானா, மாத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டான். ஐயா என்று மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். இருந்தும், உனக்கெல்லாம் அது விளங்காது என்று இங்கிலீஷில் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க எனக்கு இனித்தது. பெட்டி வெயிலிலேயே கிடந்தது.

பிற்பகலில்தான் விட்டார்கள். பெரியவர் தொழுவ வாசலில் நின்றார். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்னா டொக்டர், கருவாடு மாதிரி காஞ்சு வர்றீங்க! மருந்தையும் அவிச்சுத்தான் கொண்டு வந்தீங்களா?"

"சாவடியில மறிச்சிட்டாங்க நானா" என்று சிரித்தேன்.

ஐஸ் தண்ணீராகியிருந்தது. குப்பிகள் கைக்குச் சுட்டன. அந்த மருந்தை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். வேறு மருந்து எடுக்கத் திரும்பினால் அந்தச் சிப்பாயின் முன்னால் மறுபடி நிற்க வேண்டும். ஊசி போட்டேன்.

மழையோடு நோய் வந்தது. தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, அவருடைய மாடுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் போனபோது பக்கத்து வீட்டுக்காரர், "ஊசி போட்டும் செத்துப்போச்சே, அது என்னா ஊசி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊசிய குறை சொல்லாதீங்க" என்றார் பெரியவர். "டொக்டர் வெயில்ல காஞ்சு கஷ்டப்பட்டுக் கொண்டு வந்த மருந்து. அல்லாஹ்ட நாட்டம் இது. மருந்து நல்ல மருந்துதானே டொக்டர்?"

கெட்டுப்போற சாமானா என்று சாவடியில் அந்தச் சிப்பாய் கேட்டபோது, ஆம் என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

"ஆமா நானா" என்றேன்.