யோகட் மூடியும் என் ராத்தாவும்

என் மகனுக்கு இரண்டரை வயதாகும் வரைக்கும் அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கண்டக்குழி என்ற எங்கள் கடலோர ஊரில் பக்கத்து வீடுகள் எல்லாம் அதற்காகவே அவனைப் புகழ்ந்தன. "மாஷா அல்லாஹ், என்ன பொறுமையான புள்ள! ஒரு தொந்தரவு இல்ல" என்பார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும். ரொட்டி விற்கும் சூன் பாண் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் மற்றப் பிள்ளைகள் பனிஸ் கேட்டு நிலத்தில் விழுந்து புரளுவார்கள். என்னுடையவன் மணலில் குந்திக்கொண்டு ஒரு சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க யாரும் எதையும் வாயில் வைக்க மாட்டோம். முதல் வாய் பிள்ளைக்குத்தான். இல்லாவிட்டால் தின்றவருக்கு வயிற்றில் பிடிக்கும் என்பார்கள். இந்த விஷயத்தில் என் ராத்தாவை, அதாவது என் மூத்த சகோதரியை, யாரும் வெல்ல முடியாது. ஒரே வளவில் அடுத்த வீடு அவருடையது. அவருடைய மகன்மார் இருவரும் கட்டாரில் வேலை செய்கிறார்கள். அதனால் அவர்களுக்குச் சேர வேண்டிய பாசமும் சேர்ந்து என் மகன் தலையில் வந்து கொட்டும். அவன் தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்புவதற்குள் கோப்பை வாயில் இருக்கும். எழும்ப நினைப்பதற்குள் அவன் பெரியம்மாவின் இடுப்பில் இருப்பான்.

கிளினிக்கில் மிட்வைஃப்தான் முதலில் துருவித் துருவிக் கேட்டார். "பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புறாரா? வேணும்டா வெரல நீட்டிக் காட்டுறாரா?"

"என்னத்துக்குக் காட்டணும்? அவனுக்கு எல்லாம் கைக்கு வருது!" என்று நான் எகிறினேன்.

அவர் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சீசனில் வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றிக்கொண்டு டொல்ஃபின் காட்டப் போவார், மற்ற மாதங்களில் மீன்பிடி.

"நானும் மூணு வயசிலதானாம் வாய் தொறந்த" என்றார்.

"இப்ப மட்டும் பெரிசாக் கதைச்சிக் கிழிக்கிறீங்களோ?" என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அடுப்படியில் நின்றுகொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்ப மாட்டான். முன்னால் போய் நின்று கை தட்டுவேன். சத்தத்துக்குத் திரும்புவான், ஆனால் என் முகத்தைப் பார்க்க மாட்டான், கையைப் பார்ப்பான். யா அல்லாஹ், இந்தப் பிள்ளை யாரையுமே தேடாதோ? என்னை ஒரு நாளும் 'உம்மா' என்று கூப்பிடாதோ? எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

புத்தளத்தில் காதைச் சோதித்தார்கள். காதில் பிழையில்லை. வளர்ச்சி கொஞ்சம் பிந்தியிருக்கிறது, சின்ன வயதிலேயே பயிற்சி தொடங்கினால் நல்லது என்று சொல்லி டொக்டர் எங்களை இன்னொரு அறைக்கு அனுப்பினார். பெரிய மெஷின் ஏதாவது இருக்கும், தலையில் பொருத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். பார்த்தால் ஒரு பாய், கொஞ்சம் மரக்கட்டைகள், ஒரு பந்து, சவர்க்கார நுரை ஊதும் போத்தல் ஒன்று! பயிற்சி கொடுக்கும் மிஸ் பாயில் குப்புறப் படுத்துக்கிடந்தார். சிலாபப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, என் வயதுகூட இருக்காது. இதற்கா விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்தேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிஸ் நுரையை ஊதினார். குமிழிகள் அறை முழுக்கப் பறந்தன. என் மகன் கெக்கே என்று சிரித்தான். உடனே மிஸ் போத்தலை மூடி அவன் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ஊதவில்லை. ஒன்றும் பேசவுமில்லை. அவன் போத்தலைப் பார்த்தான். கையால் தட்டினான். சிணுங்கினான். "ஊதுங்களேன் மிஸ்!" என்று நான் வாய் திறக்கப் போனேன், அவர் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டார். அப்புறம் அவன் தலையை நிமிர்த்தி மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தான். ஒரு கண்சிமிட்டும் நேரம்தான். மிஸ் உடனே ஊதினார்.

"பாத்தீங்களா அம்மா?" என்று பாயில் துள்ளி எழும்பினார். "பாத்தீங்களா? முகத்தப் பாத்தார்!"

நான் பார்த்தேன். வல்லாஹி, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அப்புறம்தான் மிஸ் விளக்கமாகச் சொன்னார். "நீங்க யாரும் செஞ்சதால இது வரல்ல. அத நினைச்சிக் கவலப்பட வேணாம், ஹரியா, சரியா? ஆனா கேக்கிறத்துக்கு இவருக்கு எடம் குடுக்கணும். பிடிச்ச சாமான மூடினபடி குடுங்க. உதவி கேட்டு உங்ககிட்ட வரும் வரைக்கும் பொறுங்க. நிறைய நேரம் வேணாம், அழ வைக்கவும் வேணாம். கொஞ்சம் பொறுத்தாப் போதும்."

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் பெரிய பாடு. பொறுமை என்ற சொல்லுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எண்ணிப் பார்த்தால் ஒன்றிலிருந்து பத்துக்குப் பாய்ந்துவிடுவேன். அதனால் மனதுக்குள் நபியவர் மேல் ஒரு சலவாத்து ஓதி முடிக்கும் வரை பொறுப்பது என்று வைத்துக்கொண்டேன். அதை அவசரப்பட்டு ஓத முடியாதல்லவா!

மகனுக்கு உயிர் யோகட், தாள் மூடி ஒட்டிக் கோப்பையில் விற்கும் தயிர். மூடி கிழிக்காத கோப்பையை அப்படியே அவன் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான், நக்கிப் பார்த்தான், தரையில் போட்டு அடித்தான். நான் ஓதிக்கொண்டிருந்தேன். அதற்குள் ராத்தா புயல் மாதிரி உள்ளே வந்து, கோப்பையை எடுத்து மூடியைக் கிழித்து, ஒரு கரண்டியை அவன் வாயிலும் வைத்துவிட்டார். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் நான் கோப்பையைப் பறித்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"என்ன புள்ள இது அநியாயம்? புள்ள பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள சாப்பாட்ட ஒளிக்கிறியா?" என்று கத்தினார்.

"அவன் கேக்கட்டும் ராத்தா. அதுதான் பயிற்சி."

"எங்கட வீட்டுப் புள்ள கையேந்தணுமா? நம்ம வாப்பா நம்மள ஒரு நாளாவது கேக்க வச்சாரா?"

"நம்மளுக்குக் கேக்கத் தெரிஞ்சிச்சு! இவனுக்குத் தெரியல்ல! நீங்கதான் அவன்ட வாயப் பொத்தி வச்சிரிக்கீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. ராத்தாவின் முகம் சுண்டிப்போனது. "சரி. நீயும் ஒன்ட மிஸ்ஸுமா வளத்துக்கங்க" என்றார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியில் ஒரு தகரக் கதவு உண்டு. பகலில் அது மூடிக்கிடந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அதைச் சாத்தி, தன் பக்கத்தால் கொக்கியும் போட்டுவிட்டார்.

எனக்கும் ரோஷம். போனால் போகட்டும் என்று இருந்தேன். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலையில் மகன் மூடிய யோகட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். திடீரென்று எழும்பி வந்தான். கோப்பையை என் உள்ளங்கையில் வைத்தான். என் விரலைப் பிடித்து மூடியின் மேல் வைத்தான்!

நான் போட்ட சத்தத்தில் அவனே பயந்துபோனான். மூடியைக் கிழித்து ஊட்டிக்கொண்டே மறு கையால் கணவருக்குப் போனில் கோல் எடுத்தேன். கடலில் சிக்னல் இருந்தது எங்கள் நசீபு.

"மச்சான்! தந்துட்டான்! என்ட கையில தந்துட்டான்!"

"யாரு? என்னத்த?"

"ஒங்கட மகன்! யோகட்ட! தொறந்து தரச் சொல்லித் தந்துட்டான்!"

அவர் அங்கே படகில் துள்ளிக் குதித்துக் கூவியிருக்கிறார். டொல்ஃபின் வந்துவிட்டதாக நினைத்து வெள்ளைக்காரர் எல்லாரும் எழும்பி நின்று கமராவைத் தூக்கினார்களாம். படகு ஆடிய ஆட்டத்தில் ஒருவருடைய தொப்பி கடலில் விழுந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்களாம். அந்தக் கைதட்டல் எனக்கே போனில் கேட்டது.

எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, ஒரே ஆளைத் தவிர. வேலி ஓரமாகப் போய் நின்றுகொண்டு, "யோகட்டக் கையில தந்துட்டாரே என்ட ராசா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். அந்தப் பக்கம் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் தொடங்கியது. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த முறை புத்தளம் போனபோது மிஸ்ஸுக்கு என்னைவிடக் கூடின சந்தோஷம். ஆனால் ஒன்று சொன்னார். "இப்ப சாமானுக்காக வாறார். நல்லம். இனி ஆளுக்காக வரணும். ஒராள் வேணும் என்டு தேடிக் கேக்கணும். அதுக்குத்தான் நான் பாத்துக்கிட்டு இருக்கிறன்." நான் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்த துஆவும் அதுதானே!

அது ஒரு வெள்ளிக்கிழமை. கணவர் ஜும்மாவுக்குப் போய்விட்டார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே பார்த்தால் மகன் அந்தத் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். அது அசையவில்லை. தோளால் இடித்தான். அதற்கும் அசையவில்லை. அப்புறம் நேராக என்னிடம் ஓடிவந்தான். மீன் நாறிய என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் கையைத் தகரத்தின் மேல் வைத்தான்.

கொக்கி அந்தப் பக்கம். நான் நினைத்தாலும் திறக்க முடியாது. திறக்க முடிந்தாலும், அவன் கேட்கும் வரை திறந்திருக்க மாட்டேன். அப்படியே நின்றேன். அவன் கதவைப் பார்த்தான். தலையைத் தூக்கினான். என் முகத்தைப் பார்த்தான்! கண்சிமிட்டும் நேரமல்ல, நன்றாக, என் கண்ணுக்குள் பார்த்தான். விரலை நீட்டிக் கதவைக் காட்டினான். பிறகு இரண்டு கையாலும் தகரத்தில் அடித்து, "பெ! பெ!" என்று கத்தினான்.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் ஓடிவந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றது.

"யாரு?"

"அவன்தான் ராத்தா. பெரியம்மாவத்தான் கேக்கிறான். வேற ஒண்டும் இல்ல, ஒங்களத்தான்."

கொக்கி இந்த நொடியே தெறிக்கும் என்று நினைத்தேன். தெறிக்கவில்லை. தகரத்துக்கு அப்பால் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குரல் கம்மிப்போய் வந்தது. "தங்கச்சி... இப்பத் தொறக்கலாமா? இல்லாட்டி இன்னும் கொஞ்சம் பொறுக்கணுமா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "தொறங்க ராத்தா! அல்லாஹ்வுக்காகத் தொறங்க!"

கதவு திறந்தது. ராத்தாவின் கன்னம் முழுக்க ஈரம். அவனைக் கண்டால் தானாக நீளும் அந்தக் கைகளை முந்தானைக்குள் சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். குனியவில்லை. அவன் அண்ணாந்து அவரைப் பார்த்தான். அவர் உதடு துடித்தது, ஆனாலும் அசையவில்லை. அவன் ஒரு அடி முன்னால் வந்து, இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

ராத்தா என்னைப் பார்த்தார். "கேட்டுட்டானா?" என்றார்.

"கேட்டுட்டான் ராத்தா."

அதற்குப் பிறகுதான் அவனைத் தூக்கினார்.