இடுக்கி பிடித்த ஓரம்

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. நல்ல இடமாகப் பார்த்து எடுக்கச் சொன்னால் மட்டும் மசியமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு பத்து இடம் குறிப்பாள். அங்கே என்ன இருக்கிறதோ அதுதான் படம். ஆராய்ச்சிக்காரர்கள் பாதிப் பேர் பல்லைக் கடித்தார்கள். கடிக்கட்டும்.

அவர்களில் ஒருவர் தலை நரைத்த மாணவர், பட்டத்துக்கு ஏழாவது வருடம். அவருடைய பொன் துகள்கள் தலைமுடி அகலத்தில் பத்தாயிரம் நிற்கும் அளவுக்குச் சிறியவை. அவை கலந்த திரவத்தில் ஒரு சொட்டு வைத்தால், அது காயக் காய, யாரும் தொடாமல் அவை தாமாகவே தேன்கூடுபோல அடுக்கடுக்காக நிற்க வேண்டும். நின்றதோ சந்தைக் கூட்டம். மாதக் கடைசியில் மதிப்பீட்டுக் குழு. அதற்குள் ஒழுங்கு வராவிட்டால் பதிவே ரத்து.

"அக்கா, ஒரு மூலை மட்டும் நல்லா இருக்கு. அதை எடுத்துக் குடுங்களேன்."

"உங்களைவிடப் பத்து வயசு சின்னவ சார் நான். அக்காவும் வேண்டாம், மூலையும் வேண்டாம்."

மனிதர் முகம் சுண்டிப்போனது. அவளுக்கும் மனசு கேட்கவில்லை. மதியம் சாப்பாட்டைப் பாதியில் மூடிவிட்டு, அவருடைய பதினோரு மாதிரிகளின் பழைய படங்களையும் இடம் வாரியாகப் பரப்பினாள். பிறகு அவரைக் கூப்பிட்டாள்.

"சொட்டு வைக்கிறப்ப, அதைத் தாங்குற அந்தக் குட்டிச் செம்பு வலையை எதுல பிடிக்கிறீங்க?"

"இடுக்கியிலதான். காயிற வரைக்கும்."

"இடுக்கி நசுக்கின ஓரத்துல மட்டும்தான் பதினொண்ணுலயும் வரிசை வந்திருக்கு. அந்த இடுக்குல ஈரம் தங்கி மெதுவா காஞ்சிருக்கும். மத்த இடமெல்லாம் அவசரமா காஞ்சிருக்கு."

அவர் சொட்டின்மேல் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டார். மறுநாள் அவள் குறித்த பத்து இடத்திலும் துகள்கள் அச்சுப் பிசகாமல் நின்றன. நம்பாமல் இன்னும் முப்பது இடம் தேடினாள்.

"குறை சொல்ல ஒண்ணும் கிடைக்கல சார்" என்றாள். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

குழுவின் தலைவர் லேசில் ஆளை விடுகிறவர் அல்ல. படத்தைத் தூக்கிப் பிடித்து, "நல்ல இடமாப் பொறுக்கினதா இது?" என்றார்.

"இடத்தை நான் தேர்ந்தெடுக்கல சார். நுண்ணோக்கி அறையில அவங்கதான் எடுத்தாங்க."

தலைவர் படத்தைக் கீழே வைத்தார். "என் படத்தையும் ஒரு தடவை அவங்கதான் எடுத்தாங்க. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்" என்றார். "சரி, அடுத்த அத்தியாயத்துக்குப் போங்க."